ஒரே ஒரு பீர்தான் மாமா

"ஒரே ஒரு பீர்தான் மாமா, ஸ்டெடியா இருக்கேன்" என்றான் அக்கா மகன், பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே. பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கோபித்துக்கொண்டு திண்ணையில் படுத்துவிட்டான். படுக்கட்டும்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் வரை பொறுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் 80. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 80-ஐ 50 ஆக்கியது. சுவீடனில் 20. இங்கிலாந்தோடு பார்த்தால் நாம் கறார்தான். ஆனாலும் அந்த 30-உம் வேண்டாம் என்கிறேன். உடம்பில் எத்தனை மில்லிகிராம் ஓடுகிறதென்று குடித்தவனுக்கு எப்படித் தெரியும்? ஊதிப் பார்க்கும் கருவிக்குத்தான் தெரியும். எங்கள் பைபாஸில் ராத்திரி பதினொரு மணிக்கு அதை யார் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்?

என் பள்ளித் தோழனும் அன்று தள்ளாடவில்லை. தெளிவாகப் பேசி, டாட்டா காட்டிவிட்டுத்தான் கிளம்பினான். பாலத்துக்கு முந்தின வளைவில் அவனுடைய ஒற்றைச் செருப்பை நான்தான் எடுத்தேன். வார் கூட அறுந்திருக்கவில்லை.

காலையில் சாவியை நீட்டினேன். முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, "காப்பி குடிச்சிட்டுப் போறேன் மாமா" என்றான்.