துடுப்பும் தாகமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. அந்தச் சுவரை எழுப்பும் முறையில் படித்தவர்களும் தவறு செய்திருக்கிறார்கள் என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் அறிந்தோம்.

எங்கள் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரிக்கு வகுப்போடு சுற்றுலா சென்றிருந்தோம். தொடரோட்டக் குழுவினரான நாங்கள் நால்வரும் ஒரு படகில் ஏறித் துடுப்பு வலித்தோம். ஆளுக்கொரு பக்கம் வலித்ததால் படகு செக்குமாடு போலச் சுற்றியதே தவிர, முன்னே நகரவில்லை. கரையில் நின்ற சிஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மர நிழலில் எங்களை அமர்த்திப் படகுப் போட்டிகளின் கதையைச் சொன்னார்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1829-இல் முதன்முதலாகப் படகுப் போட்டி நடத்தினர். எட்டுப் பேர் ஒரே மூச்சில் துடுப்பு வலிக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் படகு தள்ளாடும். அந்த விளையாட்டு நம் நாட்டுக்கும் வந்தது. சென்னையில் 1867-இல் படகுக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. அடையாற்றின் கரையில் அது இன்றும் இருக்கிறது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான படகுப் போட்டி 1898-இல் தொடங்கியது.

அக்காலத்து மாணவர்களின் பயிற்சியைக் கேட்டு வியந்தோம். விடியற்காலையில் நடையும் ஓட்டமும், உணவோ பாதி வெந்த இறைச்சி, காய்கறி கொஞ்சம்தான். எவ்வளவு தாகம் எடுத்தாலும் தண்ணீர் அளவோடுதான் கொடுப்பார்களாம்! ஆக்ஸ்போர்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய மக்லாரன் என்பவர் 1866-இல் ஒரு நூல் எழுதி, தாகத்தை அடக்குவது தவறு என்று எடுத்துரைத்தார்.

இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றில் பிடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, பயிற்சி நேரத்தில் நாங்களும் தண்ணீரைத் தொடுவதில்லை. முந்தைய வாரந்தான் எங்களில் ஒருத்தி மைதானத்திலேயே மயங்கி விழுந்திருந்தாள். பயந்துபோய் அதை சிஸ்டரிடம் மறைத்திருந்தோம். அன்று உண்மையைச் சொல்லிவிட்டோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. மறுநாள் முதல் மைதானத்தின் ஓரத்தில் ஒரு மண்பானை வந்து அமர்ந்தது.

ஆனால் மயங்கி விழுந்தவளின் தாயார் செய்தி கேட்டு, கிராமத்திலிருந்து நடந்தே வந்துவிட்டார். "பொம்பளைப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்கு சிஸ்டர்? உடம்பு கெட்டுப்போகாதா?" என்று கண் கலங்கினார். அவள் இல்லாமல் எங்கள் குழு ஏது? நாங்கள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தத் தாயின் அச்சம் புதிதன்று. 1867-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்கே என்பவரும் படகுப் போட்டி இளைஞர்களின் உடலைக் கெடுக்கும் என்று நாளிதழுக்கு எழுதினார். மார்கன் என்னும் மருத்துவர் அதை ஆராய முனைந்தார். 1829 முதல் 1869 வரை போட்டியிட்ட 294 பேரைப் பற்றிக் கடிதம் எழுதி விசாரித்து, 1873-இல் நூலாக வெளியிட்டார். கெடுதல் நேர்ந்ததாகத் தெரிந்தது 17 பேருக்கு மட்டுமே. பெண்களுக்கோ இன்னும் நெடுங்காலம் காத்திருப்பு. அவ்விரு பல்கலைக்கழகப் பெண்களும் 1927-இல்தான் முதலில் போட்டியிட்டனர். ஆண்கள் போட்டியிடும் அதே நாளில், அதே ஆற்றுப் பாதையில் அவர்கள் போட்டியிட்டது 2015-இல்தான்!

சிஸ்டர் இவற்றையெல்லாம் அந்த அம்மாவிடம் விரித்துரைக்கவில்லை. "விறகுக் கட்டோடு மலையேறும்போது கெடாத உடம்பு, ஓடினால் கெடுமா அம்மா? வேளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஓய்வும் கொடுப்போம். நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மடியிலிருந்த சாமை மாவு உருண்டைகளை எடுத்து எங்கள் நால்வருக்கும் பகிர்ந்து கொடுத்தார். அதுவே அவருடைய சம்மதம்.

போட்டியில் எங்களுக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. ஆயினும் கோல் கைமாறிய மூன்று முறையும் தவறவில்லை, யாரும் மயங்கவுமில்லை. ஏரியில் சுற்றிச் சுற்றி நின்ற நால்வர், மைதானத்தில் ஒருவராக ஓடினோம். உடலைத் தந்த இறைவனுக்கு, அதை வருத்தாமல் வளர்ப்பதும் ஒரு நன்றிதானே, தோழியரே!