பட்டைக் கட்டும் போல்ட்டும்: வரிச்சிக்குடிக் குறிப்புகள்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் வரிச்சிக்குடி. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். இங்கே இரும்பை வெயிலையும் மழையையும்விட உப்புக்காற்றுதான் வேகமாகத் தின்கிறது. பழைய லாரியைப் புதுப்பிக்கிறவர்கள் இன்ஜினுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். பட்டைக் கட்டுக்கு (லீஃப் ஸ்பிரிங்) போல்ட் வாங்க வரும்போது மட்டும் கை சுருங்கிவிடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

*

1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்தது. அதே ஆண்டில்தான் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் பென்ஸ் லாரிகளைக் கட்டத் தொடங்கியது. மறு ஆண்டு எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. ஜெர்மன் வழி வந்த வண்டியில் மில்லிமீட்டர் மரை, பிரிட்டிஷ் வழி வந்ததில் அங்குல மரை. இடையில் எத்தனையோ கைகள் எதையெதையோ மாட்டியிருக்கும். ஒரே வண்டியில் மூன்று வகை மரை இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அரை அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விட்வொர்த் மரையில் அங்குலத்துக்கு 12 புரி, அமெரிக்க யூஎன்சியில் 13. புரியின் கோணமும் வேறு: முன்னதில் 55 பாகை, பின்னதில் 60. நட் இரண்டு சுற்று கையாலேயே ஏறும், பிறகு பிடிக்கும். அங்கே ஸ்பானரைப் போட்டு ஏற்றிவிட்டால் பார்க்க இறுகியதுபோல் இருக்கும். உள்ளே மரை பாதி நசுங்கியிருக்கும். கடைக்குப் போகும்போது மரை கேஜ் ஒன்று பையில் இருக்கட்டும்.

*

பட்டைக் கட்டில் யூ போல்ட் எதற்கு, சென்டர் போல்ட் எதற்கு? இது தெளிவானால் பாதி வேலை முடிந்தது.

சென்டர் போல்ட் பட்டைகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அதன் உருண்டைத் தலை ஆக்ஸில் மேலுள்ள குழியில் உட்கார்ந்து இடம் காட்டுகிறது. பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்க வேண்டியது யூ போல்ட்டின் பிடி. வைக்கோல் பாரத்தை வண்டியில் நிறுத்துவது முடிச்சு அல்ல, கயிற்றின் விறைப்பு. யூ போல்ட்டும் அப்படித்தான். இறுக்கும்போது அதன் கால்கள் மயிரிழை அளவு நீள்கின்றன. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் பட்டைகளையும் ஆக்ஸிலையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிறது.

அது தளர்ந்தால் சுமை முழுவதும் சென்டர் போல்ட்டின் கழுத்துக்குப் போகும், கழுத்து அறுபடும். ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னுக்கு நகரும், வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். பட்டை உடைந்தாலும் பெரும்பாலும் நடு ஓட்டையில்தான் உடையும். அப்படி உடைந்த பட்டையைப் பார்த்து ‘மெட்டீரியல் சரியில்லை’ என்று சொல்வதற்கு முன் யூ போல்ட் நட்டைப் பார்க்க வேண்டும்.

*

போல்ட் தலையில் இருக்கும் எண்ணைப் படிக்கப் பழக வேண்டும். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிரந்தரமாக நீளாது. 10.9 என்றால் 1000, அதில் பத்தில் ஒன்பது பங்கு. அங்குல போல்ட்டில் எண் இருக்காது, கோடு இருக்கும்: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. எதுவுமே இல்லாத போல்ட் பட்டைக் கட்டுப் பக்கமே வரக்கூடாது.

வித்தியாசம் எவ்வளவு? 16 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று. சாதாரண 4.6 ரகம் ஏறத்தாழ மூன்றரை டன் இழுப்பு வரைதான் உருமாறாமல் தாங்கும். 8.8 ஒன்பது டன்னைத் தாண்டும். பருமன் ஒன்று, பார்வைக்கும் ஒன்று.

ஆகவே சாதாரணக் கம்பியை உலையில் பழுக்கவைத்து வளைத்து, கடைசல் பட்டறையில் மரை வெட்டிய யூ போல்ட்டை நான் ஏற்கமாட்டேன். பதப்படுத்திய கம்பியாக இருந்தாலும் பழுக்கவைத்தால் பதம் போய்விடும். மரையையும் வெட்டுவதைவிட உருட்டி எடுப்பது நல்லது. உருட்டும்போது புரியின் அடி அழுந்தி இறுகுகிறது, அதனால் விரிசல் எளிதில் பிறக்காது.

*

ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட் கழலாது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. 1969இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் குறுக்குவாட்டு அதிர்வில் நட் எப்படித் தானாகக் கழல்கிறது என்று காட்டினார். ஹைடென்சில் போல்ட்டை முழுதாக இறுக்கும்போது ஸ்பிரிங் வாஷர் எப்போதோ தட்டையாகிவிடும். அதற்கு மேல் அது வெறும் வாஷர். யூ போல்ட்டுக்கு உயரமான நட், அடியில் கெட்டிப்படுத்திய தட்டை வாஷர். நைலான் வளையம் வைத்த நட் சூட்டில் இளகும். பிரேக் டிரம் பக்கம் முழு உலோக லாக் நட்டே வேண்டும். பட்டை முனையிலுள்ள ஷேக்கிள் போல்ட்டுக்குக் காஸில் நட்டும் காட்டர் பின்னும் இருந்தால் அதை மாற்ற வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதுப் பின் மட்டும் போடுங்கள்.

*

உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் ஜிங்க் முலாம் கேட்கிறார்கள். 8.8க்குப் பரவாயில்லை. 10.9, 12.9 போன்றவற்றில் எச்சரிக்கை தேவை. அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உருக்குக்குள் புகும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 பாகை செல்சியஸ் அளவில் வாட்டி அதை வெளியேற்றாவிட்டால், இறுக்கி வைத்த போல்ட் சும்மா இருக்கும்போதே ஒருநாள் முறியும். தெருமுனை முலாம் பட்டறையில் இந்த வாட்டல் நடக்கிறதா என்று நமக்குத் தெரிய வழியில்லை. பாஸ்பேட் பூசிய கறுப்பு போல்ட், மரையில் எண்ணெய், இறுக்கிய பின் வெளியில் பெயிண்ட்: இந்தக் கடலோரத்துக்கு என் தேர்வு இதுதான். பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்ட் கனமாக இருக்கக்கூடாது. அது நசுங்க நசுங்கப் பிடி தளரும்.

*

இறுக்குவது பற்றி. நாம் கொடுக்கும் திருகு விசையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பிடியாக மாறுகிறது. மிச்சம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. மரை துருப்பிடித்திருந்தால் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், பிடி மட்டும் இருக்காது. ஸ்பானரில் பைப் சொருகித் தொங்குகிறவர்களுக்கு அந்த எண்கூடக் கிடையாது.

நான்கு நட்டையும் மூலைக்கு மூலை, படிப்படியாக. கடைசி இறுக்கு வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு. முதல் லோடு ஏற்றி வந்ததும் மறுபடி ஒருமுறை, ஏனென்றால் புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும். நட்டிலிருந்து யூ போல்ட் கால்வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், நகர்ந்ததா என்று டிரைவரே காலையில் பார்த்துக்கொள்வார்.

*

முன்னும் பின்னும் நான்கு கட்டு: எட்டு யூ போல்ட், பதினாறு நட், பதினாறு வாஷர், நான்கு சென்டர் போல்ட். அனைத்தும் புதிது. ஒருமுறை இறுகி நீண்டு, புரியில் துரு ஏறிய யூ போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. கழற்றிய பழையதைக் கேஸில் இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். முழுசாகப் பட்டறையில் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து இன்னொரு வண்டிக்கு மாட்டிவிடுவார்கள்.