ஒரே சஹனில் ஓர் இடம்

நமது பக்கத்து வலீமா விருந்துகளைச் சகோதரிகள் நன்கு அறிவீர்கள். பாய் விரித்து, சஹன் வைத்து, ஒரு சஹனுக்கு ஆறு பேராக உட்காருவோம். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் மண்டபங்களும் மேசை கதிரைகளும் வந்துவிட்ட பின்னரும் இந்தப் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. நிகாஹ் ஓதிவைப்பதற்காக அழைக்கப்படுவதால் வருடத்தில் பல விருந்துகளுக்கு நான் போக நேரிடுகிறது. அங்கே பல ஆண்டுகளாக ஒரு விடயத்தைக் கவனித்து வந்திருக்கின்றேன்.

எங்கள் ஊரில் ஒரு தையல்காரர் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. (அந்த நோயின் கடைசி நோயாளி இலங்கையில் காணப்பட்டது 1993 ஆம் ஆண்டில். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அப்படியொரு நோய் இருந்ததே தெரியாது.) காலை நீட்டி மடக்கி உட்கார அவருக்குச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே மற்றவர்களுக்கு முன்னரே போய் ஒரு சஹன் அருகில் உட்கார்ந்து விடுவார். பிறகு கூட்டம் வரும். சுற்றியுள்ள சஹன்கள் எல்லாம் நிரம்பும். அவருடைய சஹன்தான் கடைசியில் நிரம்பும். யாரும் அவரை ஒரு கடுஞ்சொல் சொல்வதில்லை. எல்லோரும் ஸலாம் சொல்கிறார்கள், சுகம் விசாரிக்கிறார்கள். ஆனால் ஒருவரை அவருடைய மச்சான் அங்கே கூப்பிட்டு விடுகிறார். இன்னொருவருக்குப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கிறது. மற்றொருவருக்குக் காற்று வரும் பக்கம் வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது.

இந்த ‘நியாயமான காரணம்’ பற்றி அமெரிக்க உளவியல் அறிஞர்கள் சிலர் 1979 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓர் அறையில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒரு பக்கம் காலில் இரும்புத் தாங்கி அணிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். மறுபக்கம் அப்படி எதுவும் இல்லாத ஒருவர். வருகிறவர் எங்கே உட்காருகிறார் என்று பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே படம் ஓடியபோது பாதிக்கு மேற்பட்டோர் இரும்புத் தாங்கி அணிந்தவரின் பக்கத்திலேயே உட்கார்ந்தனர். வேறு வேறு படங்கள் ஓடியபோதோ பெரும்பாலோர் மற்றப் பக்கம் போய்விட்டனர். எந்தப் படத்தை எந்தப் பக்கம் மாற்றி வைத்தாலும் விளைவு அதுவே. ‘எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்’ என்று சொல்ல ஒரு வழி கிடைத்ததும், உள்ளே இருந்த விலகல் வெளியே வந்துவிட்டது. சாக்கு இல்லாத இடத்தில் மனிதன் வெட்கப்பட்டுக்கொண்டு நல்லவனாக நடக்கிறான்!

இதைப் படித்தபோது அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய தஃப்ஸீர் பாடம் ஒன்று என் ஞாபகத்துக்கு வந்தது. சூரத்துன் நூரின் 61 ஆவது வசனம், குருடர், முடவர், நோயாளி ஆகியோரைக் குறிப்பிட்டு, உறவினர் வீடுகளில் உண்பதிலும் கூடி உண்பதிலும் குற்றம் இல்லை என்று கூறுகிறது. உண்பது பற்றிய வசனத்தில் இவர்கள் ஏன் வருகிறார்கள்? விரிவுரையாளர்கள் பல விளக்கங்களைத் தருகிறார்கள். அருவருப்பின் காரணமாக மக்கள் இவர்களோடு உண்ணாதிருந்தனர் என்பது ஒன்று. மற்றவர்கள் முகம் சுளிப்பார்களே என்று இவர்களே ஒதுங்கி இருந்தனர் என்பது மற்றொன்று. மூன்றாவது விளக்கம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. பிறர் பொருளை அநியாயமாக உண்ணாதீர்கள் என்ற கட்டளை இறங்கியதும் மக்களுக்கு ஒரு பயம் வந்ததாம். பார்வையற்றவருக்கு நல்ல துண்டு எதுவென்று தெரியாது. கால் முடியாதவர் நெருக்கி உட்கார முடியாது. நோயாளி மெதுவாக உண்பார். அவர்களுடைய பங்கை நாம் தின்றுவிட்டால் பாவமல்லவா? ஆகவே அவர்களோடு சேர்ந்து உண்ணவே வேண்டாம் என்று விலகினார்கள்.

பாருங்கள் சகோதரிகளே, விலகலுக்குப் பேணுதலே காரணமாகிவிட்டது! அவர்கள் மெய்யாகவே அல்லாஹ்வை அஞ்சித்தான் அப்படிச் செய்தார்கள். ஆனாலும் தனியே உட்கார்ந்த மனிதருக்கு, அருவருப்பால் ஒதுக்கப்பட்டாலும் பேணுதலால் ஒதுக்கப்பட்டாலும் சஹன் காலிதான்.

விருந்து ஆண்கள் பக்கத்து விவகாரம். பெண்கள் பக்கத்து விவகாரம் இதைவிட வேதனையானது. குறையுள்ள ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் கேள்விகள் எல்லாம் உம்மாவை நோக்கியே வருகின்றன. கிரகணத்தன்று வெளியே போனாயா? கர்ப்பத்தில் எதைப் பார்த்துப் பயந்தாய்? யாருடைய மனதையாவது நோகடித்தாயா? டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையைப் பெற்ற ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தக் கேள்விகளுக்குப் பயந்து இரண்டு வருடங்களாகக் கலியாண வீடுகளுக்கே போகவில்லை என்று என் மனைவியிடம் அழுதார். அந்த நிலை, கரு உண்டாகும்போதே 21 ஆவது நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாகச் சேர்வதால் ஏற்படுவது. கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேட்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரிகளா? அப்படி நான் நினைக்கவில்லை. மெல்வின் லேர்னர் என்ற அறிஞரும் அவரது சக ஆய்வாளரும் 1966 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கப்படுவது போன்ற காட்சியைக் கல்லூரி மாணவிகள் பார்த்தார்கள். அவள் பட்ட வேதனை அவர்களை வருத்தியது. ஆனால் அதைத் தடுத்து நிறுத்தத் தங்களால் இயலாது என்ற நிலையில், அவர்கள் அந்தப் பெண்ணையே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள்! உலகத்தில் யாருக்கும் காரணமின்றித் துன்பம் வராது என்று நம்ப மனித மனம் விரும்புகிறது. காரணமின்றி அவளுக்கு வந்தால் நாளை எனக்கும் வரலாமே? ஆகவே ‘அவள் ஏதோ செய்திருக்கிறாள்’ என்று சொல்லிவிட்டால் கேட்பவளுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கான விலையைக் கொடுப்பவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய். கவலையால் கண்பார்வை இழந்த யஃகூப் (அலை) அவர்களும் நோயில் நீண்ட காலம் கிடந்த ஐயூப் (அலை) அவர்களும் நபிமார்கள் என்று ஐந்து வயதிலேயே ஓதிக்கொடுக்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை விடயத்தில் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பார்வையற்றவரிடம் பலர் உரத்துப் பேசுவதைக் கண்டிருப்பீர்கள். அவருக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது! கால் முடியாதவர் கடைக்கு வந்தால், கூட வந்த மகனிடம் ‘வாப்பாவுக்கு என்ன வேணும்?’ என்று கேட்கிறார்கள். ஓர் உறுப்பின் குறை, பார்ப்பவருடைய மனதில் முழு மனிதர் மீதும் பரவிவிடுகிறது. உளவியலார் இதற்குப் ‘பரவல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களின் பட்டப் பெயர்களும் இப்படி வந்தவைதாம். ஹதீஸ் அறிவிப்பாளர்களில் அல்-அஃரஜ் (முடவர்) என்றும் அல்-அஃமஷ் (பார்வை மங்கியவர்) என்றும் பெயர்கள் உண்டே என்று என்னிடம் வாதாடியவர்களும் உண்டு. ஒருவரை அடையாளம் காட்ட மட்டும், இழிவுபடுத்தும் எண்ணமின்றிச் சொல்வதற்கே உலமாக்கள் இடம் கொடுத்தனர். ‘நொண்டி’ என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பவர் ஹதீஸ் கலையில் ஈடுபட்டிருக்கவில்லை!

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றில் எல்லோரும் அபஸ சூராவோடு நின்றுவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் பிடித்தது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சந்தர்ப்பங்களில் அவரைத் தமது இடத்தில் நியமித்துச் சென்றார்கள். பஜ்ருடைய அதானும் அவரிடம் இருந்தது. சற்று யோசியுங்கள். வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து நேரம் அறியவேண்டிய தொழுகையின் அதான், பார்வையற்றவரிடம்! ‘விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது’ என்று மற்றவர்கள் சொன்ன பின்னரே அவர் அதான் சொல்வார் என்று புகாரியில் வருகிறது. விடியலைக் கண்டு சொல்வதை அயலவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பு அவரிடமே இருந்தது. அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் கால் ஊனமுற்றவர், ஒரு கண் இல்லாதவர், பின்னர் இரு கண்ணும் இழந்தவர். உமையாக்களின் ஆட்சியில் மக்காவில் மார்க்கத் தீர்ப்புக் கேட்க மக்கள் அவரிடம்தான் போனார்கள்.

நமது நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் நுழைய வழி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. 1992 இல் வாகனத்தின் மீது மரம் விழுந்து நடக்க முடியாமற் போன கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011 இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளையிட்டது. 2016 இல் ஐ.நா. உடன்படிக்கையையும் நாடு ஏற்றுக்கொண்டது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 வீதமானோருக்குப் பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் அல்லது இவை போன்ற ஒன்றில் சிரமம் உண்டு. 16 இலட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள்! ஆனால் பேராதனையிலிருந்து கலஹாவுக்கு பஸ் ஏறிப் பாருங்கள், முதல் படியே முழங்காலுக்கு வருகிறது. மலைச்சரிவில் ஊர் என்பதால் வீட்டுக்குப் படி, கடைக்குப் படி, பள்ளிக்குப் படி. சரிவைக் குறை சொல்லிப் பயனில்லைதான். ஆனால் ஆட்கள் வீட்டுக்குள் இருப்பதால் நாம் அவர்களைக் காண்பதில்லை, காணாததால் பழகுவதில்லை, பழகாததால் பயம். கோர்டன் ஓல்போர்ட் என்ற அறிஞர் 1954 இலேயே, சமமான நிலையில் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்யும்போது தப்பெண்ணம் குறைகிறது என்று எழுதினார். சமமான நிலை என்பதை அவர் அழுத்திச் சொன்னார். வருடத்துக்கொரு தடவை அரிசிப் பொதி கொடுத்துப் படம் எடுப்பது அதில் சேராது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஓதிய ஒரு பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினார்கள். அவளுடைய மூத்த சகோதரர் பிறவியிலேயே காது கேளாதவர், பேச மாட்டார். கைத்தொலைபேசி திருத்துவதில் கெட்டிக்காரர். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அவரைத் தெல்தோட்டையில் மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு எப்படியோ விடயம் தெரிந்து சம்பந்தம் நின்றுபோனது. ‘மறைத்துவிட்டீர்களே’ என்று அவர்கள் சொன்னதற்கு இவர்களிடம் பதில் இல்லை. இரண்டாவது தடவை ஆட்கள் வருவதற்கு முதல் நாள் உம்மாவும் மகளும் என்னிடம் வந்தார்கள். உம்மா ஒன்றும் பேசவில்லை. மகள்தான் பேசினாள்.

“நானா ஊட்டுலயே ஈக்கட்டும் ஹஸ்ரத். அவரக் கண்டு வேணாம் எண்டு போறவங்க இப்பவே போகட்டும். உம்மாக்கு நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். உம்மா தலையாட்டினார், முழு மனதோடு அல்ல. அடுத்த நாள் தேநீர்த் தட்டத்தை அந்த நானாதான் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்களில் ஒரு மூதாட்டி அவருடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, தன்னுடைய தொலைபேசியை எடுத்து, சத்தம் வருவதில்லை என்று சைகையால் காட்டினார். அவர் அதை அங்கேயே கழற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சம்பந்தமும் அமையவில்லை. சீர் விடயத்தில் ஏதோ ஒத்துவரவில்லை என்றார்கள். அது உண்மையான காரணமா, சாக்கா என்பதை அல்லாஹ்தான் அறிவான். மூன்றாவதாக மாவனல்லைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தபோதும் தேநீரைக் கொண்டுவந்தது நானாதான். இந்தத் தடவை உம்மாவே அவருக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.