பெருவெம்பில் ஒரு ஸ்பீக்கர்

கொழிஞ்சாம்பாறை ஆசாரி பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டினார். 'டொங்' என்றது.

"பேசுதுங்க. இது பேசக்கூடாதுங்களே?"

கட்டிலும் சமையலறை அலமாரியும் செய்கிறவர். ஸ்பீக்கர் பெட்டி அவருக்கு இதுதான் முதல். ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) மட்டும்தான் அதிர வேண்டும், பலகை அதிரக்கூடாது என்று நான் சொன்ன ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார். இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே, சரியாக மையத்தில் வைக்காமல் சற்றே தள்ளி, ஒரு குறுக்குக் கட்டையை ஒட்டினார். மறுநாள் தட்டினோம். 'டக்'. அவ்வளவுதான் சத்தம்.

நான் வாங்கியிருந்த ஸ்பீக்கர் கிட்டில் தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர் இரண்டு, உயர்ந்த ஒலிக்குப் பட்டுக் குமிழ் வைத்த ஒரு அங்குல ட்வீட்டர் இரண்டு, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் போர்டுகள், பிளாஸ்டிக் குழாய்கள், ஒரு வரைபடம். பெட்டி நம் பாடு. 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை, உள்ளே 18 லிட்டர் இடம். லிட்டர் கணக்கு எதற்கு என்று ஆசாரி கேட்டார். அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இடம் குறைந்தால் அது விறைக்கும், கூடினால் தளரும். எந்த வூஃபருக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு நீளக் குழாய் என்பதை 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் கணக்காக்கினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்று வீட்டில் பெட்டி அடிக்கிற எல்லோரும் அவர்கள் இருவரின் கணக்கில்தான் அடிக்கிறோம். ஆசாரி கேட்டுவிட்டு, "அப்ப நம்ம அளவு தப்பினா காத்து கோவிச்சுக்கும்" என்றார். ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பவில்லை.

தப்பு என் பக்கம் நடந்தது. வரைபடத்தில் ட்வீட்டரின் கூட்டல் முனை கிராஸ்ஓவரின் கழித்தல் முனையோடு சேர்ந்திருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து 'திருத்தி' இணைத்தேன். பாட்டு ஓடியது, ஆனால் பாடகர் அடுத்த அறைக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. இந்த வகைக் கிராஸ்ஓவரில் வூஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அசையும். ஒன்றைத் தலைகீழாக இணைத்தால்தான் இரண்டும் சேரும். நேராக இணைத்ததால், குரல் தெளிவாகக் கேட்க வேண்டிய 2500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். கம்பியை மாற்றியதும் பாடகர் திரும்பி வந்தார்.

பெட்டிக்கு மெருகு ஏற்றுவதில் எனக்கு வேலையே இல்லை. எம்டிஎஃபின் வெட்டு ஓரம் எதை ஊற்றினாலும் குடிக்கும். ஆசாரி தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை அதற்கு முதலில் ஊட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டார். பிறகு பலகையிலும் தேக்கு வெனீரிலும் ஃபெவிக்கால் தடவிக் காயவைத்து, வீட்டிலிருந்து எடுத்து வந்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். சூட்டில் பசை இளகி ஒட்டிக்கொண்டது. அந்த இஸ்திரிப் பெட்டி வீடு திரும்பியபோது என்ன வரவேற்பு கிடைத்தது என்பதை அவர் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தும் ஒரு குறை. எதைப் போட்டாலும் நன்றாக இருந்தது, மிருதங்கம் மட்டும் சரியில்லை. அதன் இடப்பக்கத் தலையான தொப்பியில் விழுகிற அடி 'தொம்' என்று நிற்காமல் 'பொம்ம்ம்' என்று இழுத்தது. "செய்யறவங்ககிட்டயே கேட்டுட்டா என்னங்க?" என்றார் ஆசாரி. பாலக்காட்டிலிருந்து புதுநகரம் போகும் சாலையில் இருக்கிறது பெருவெம்பு. மிருதங்கம், மத்தளம், செண்டை, தவில், இடக்கை என்று தோல் வாத்தியங்களுக்கே பெயர்போன ஊர். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஸ்பீக்கர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

வழியெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு கூச்சம். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் மண் இது. மிருதங்கத்தின் நாதத்தை மைக் கெடுக்கிறது என்று சொல்லி, மைக் வைத்த கச்சேரிக்கு வாசிக்க மறுத்தவர் அவர். அந்த மண்ணுக்கு ஒலிபெருக்கியைச் சுமந்துகொண்டு போகிறேன்.

நாங்கள் போன பட்டறை வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பு. தோல் வாடை முதலில் முகத்தில் அடித்தது. பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. மூலையில் குடைந்த பலாக் கட்டைகள். பட்டறைக்காரர், அறுபதைத் தாண்டிய பெரியவர், ஒரு கட்டையை எடுத்து ஆசாரியிடம் தட்டிக் காட்டினார். மணி மாதிரி கேட்டது. நன்றாகப் பேசுகிற கட்டையைத்தான் எடுப்பாராம். ஆசாரி சிரித்துவிட்டார். "நம்ம வேலைக்கு நேரெதிருங்க."

பெரியவரின் மடியில் ஒரு வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தலை, இருந்தது. சோற்றையும் கரும்பொடியையும் சேர்த்துப் பிசைந்த பசையை விரலால் எடுத்து நடுவில் வட்டமாகத் தடவினார். வழவழப்பான கல்லால் தேய்த்தார். காயும்வரை தேய்ப்பு நிற்கவில்லை. அடுத்த பூச்சு முந்தையதைவிடச் சற்றுச் சிறிய வட்டம். மறுபடி தேய்ப்பு. குனிந்து பார்த்தால் கருப்பில் மயிரிழை வெடிப்புகள். அவை இருப்பதால்தான் கரணை என்கிற இந்தக் கருப்பு வட்டம் விறைக்காமல் தோலோடு சேர்ந்து அதிர்கிறது. நடுநடுவே ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. வெறும் தோலின் மேற்சுரங்கள் அடிச்சுருதியோடு ஒட்டாமல் சிதறும். இந்தக் கருப்பு வட்டத்தின் கனம் அவற்றை இழுத்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்று வரிசையில் நிறுத்துகிறது. 1920இல் 'நேச்சர்' இதழிலும் 1934இல் விரிவாகவும் இதை எழுதியவர் சி.வி. ராமன். கல்லைப் பிடித்த கைகளுக்கு அது அதற்கு வெகு முன்பே தெரியும். ஆனால் வாசித்தவர் பெயர் நின்ற அளவுக்குச் செய்தவர் பெயர் நிற்கவில்லை. மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து போன்றவர்களைப் பற்றிப் புத்தகம் வர 2020 வரை, டி.எம். கிருஷ்ணா எழுதும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

"புதுசு கம்மி சார். மூட்டு, அதான் தோல், மாத்தறதுலதான் சாப்பாடு" என்றார் பெரியவர். புவிசார் குறியீடு கிடைத்ததில் பேர் வந்தது, விலை வரவில்லை என்பது அவர் கணக்கு. மகன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறார். கண்ணாடி நார் உடலும் செயற்கைத் தோலும் வைத்த மிருதங்கம் பற்றிக் கேட்டேன். "மழையில நனையாது" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

திண்ணையில் ஸ்பீக்கர்களை வைத்து ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம் போட்டேன். பெரியவர் ஒரு மிருதங்கத்தை இழுத்து, தொப்பியில் ரவை அப்பி, அதோடு கூடவே தட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது என் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டது.

"வலந்தலை சரி. இடது பக்கம் வேற யாரோ வாசிக்கறான்." எழுந்து வந்து பெட்டியின் பின்னால் கையை விட்டார். "ஆ ஓட்டை எந்தினா?" அந்த ஓட்டை எதற்கு என்று கேட்டார்.

ஆழமான பாஸுக்கான குழாய் என்றேன். ஒரு பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி இரண்டு குழாயிலும் திணித்தார். மறுபடி போடச் சொன்னார். பாஸின் ஆழம் கொஞ்சம் குறைந்தது. 'தொம்' வந்து நின்றது.

கிட் வாங்கப் போகிறவர்களுக்கு: குழாய் வைத்த பெட்டி என்றால் முதலில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்துக் கேட்டுப் பாருங்கள். செலவில்லை, பிடிக்காவிட்டால் உருவிவிடலாம். நான் இன்னும் உருவவில்லை.