தரங்கம்பாடிக்குத் தனியே

காரக்கோணத்திலிருந்து சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடிக்கு மோட்டார் சைக்கிளிற் செல்ல எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. ஒரே நாளிற் சென்றுவிடலாம் என்று இளைஞர் கூறுவர். அறுபத்திரண்டு வயதினனாகிய எனக்கு அந்த அவசரம் இல்லை. துணைக்கு வருவதாக வாக்களித்த நண்பர் இருவரும் புறப்படும் நாளுக்கு முன்னரே பின்வாங்கினர். அதுவும் நன்மையாகவே முடிந்தது. தனியே செல்பவன் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தலாம். எவருக்கும் காரணம் கூற வேண்டியதில்லை.

இப்பயணத்திற்கு வித்திட்டவன் என் தம்பி மகன். பால்டிக் கடற்கரையில் உள்ள எஸ்தோனியாவின் தலைநகராகிய தாலினில் அவன் குடும்பத்துடன் வாழ்கிறான். மதிலும் கோபுரங்களும் சூழ்ந்த அப்பழைய நகரின் படங்களை அனுப்பி, 1219-ஆம் ஆண்டில் டேனியர் அதனைக் கைப்பற்றினர் என்றும், 'டேனியர் நகர்' என்பதே தாலின் என்னும் பெயரின் பொருள் எனப் பலர் கருதுகின்றனர் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். "பெரியப்பா, நம் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் உண்டா?" என்பது அவன் கேள்வி. உண்டு என்று ஒரு வரியில் விடை எழுதியிருக்கலாம். கண்ணாற் காணாத ஊரைப்பற்றி எழுத மனம் ஒப்பவில்லை. மேலும், மடலின் இறுதியில் இருந்த செய்தி என்னை உறங்கவிடவில்லை. ஏழு வயதான அவன் மகள் தமிழ் பேசுகிறாள். ஆனால் ஓர் எழுத்தும் அறியாள். இங்கே அது எதற்குப் பயன்படும் என்று அவன் கேட்டிருந்தான்.

களியக்காவிளை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி என்று சென்று, தூத்துக்குடியின் உப்பளங்களைக் கடந்து, முதல் இரவு இராமநாதபுரத்தில் தங்கினேன். கடற்காற்று எதிர்த்து அடித்ததால் வண்டி எருமைபோல் நகர்ந்தது. மறுநாள் தொண்டி, முத்துப்பேட்டை, நாகப்பட்டினம். பிறகு 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால். மாலை வெயில் சாயும் வேளையில் தரங்கம்பாடியின் வெண்ணிற நகர வாயிலுக்குள் நுழைந்தேன். 1792-இல் கட்டப்பட்ட அவ்வாயிலைக் கடந்தவுடன் ராஜ வீதி நேரே கடலை நோக்கிச் செல்கிறது. தூண்கள் தாங்கிய பழைய மாளிகைகளும், பழந்தேவாலயங்களும் இருபுறமும் நிற்கின்றன. வண்டியின் ஓசையே எனக்கு நாணத்தைத் தந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வீதியின் முடிவில் டான்ஸ்போர்க் கோட்டை. 1620-இல் டென்மார்க்கின் தூதர் ஓவே கியத்தே தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து இவ்வூரில் இடம் பெற்றார். அப்போது நாயக்கர் டேனிய மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் வரைந்த மடல், பால்டிக் கடலின் வாயிலில் உள்ள கோபன்ஹேகனின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. கோட்டைக்கு அருகில் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. அதன் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. தாலினை 1346-இல் டியூட்டானிய வீரர் அமைப்புக்கு விற்ற டேனியர், தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். ஊர்களை விலை பேசுவதில் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது போலும்!

விற்க முடியாமற்போன ஒன்று உண்டு. 1706 ஜூலையில் இக்கடற்கரையில் வந்திறங்கிய ஜெர்மானியராகிய சீகன்பால்கு, இருபத்து நான்கு வயதில், திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பின்னர், ஹாலே நகரில் வார்த்த எழுத்துகளை வரவழைத்து, இங்கே அச்சகம் நடத்திப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். (தமிழ் அச்சு அதற்கு முன்னரே, 1578-இல், நம் கொல்லத்தில் தோன்றிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நூறு ஆண்டுகள் கழிந்தபின் ரிங்கல்தௌபே என்னும் பிரஷ்ய நாட்டவர் இதே ஊரில் தமிழ் பயின்று, 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் புகுந்து, மயிலாடியில் தங்கிப் பள்ளிகளைத் தொடங்கினார். நான் வந்த வழியை எதிர்த்திசையில் வந்தவர் அவர். தென்திருவிதாங்கூரில், எழுத்து மறுக்கப்பட்ட எளிய மக்களின் குழந்தைகள் ஏடு தொட்டது அத்தகைய பள்ளிகளிலேதான். என் பாட்டியும் அப்படிப் படித்தவர்.

1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது காரக்கோணம் கேரளத்தில் நின்றது. நான் பள்ளியிற் பயின்றது மலையாளம். முற்றத்து மணலில் எனக்குத் தமிழ் எழுத்துகளை எழுதிக் காட்டியவர் பாட்டி. "இங்கே இருந்துகொண்டு அது எதற்கு?" என்று என் தந்தையார் ஒருநாள் சலித்துக்கொண்டார். "கொழும்பிலிருந்து என் தம்பி கடிதம் போட்டால், நான் போனபிறகு யார் வாசிப்பது?" என்றார் பாட்டி. தந்தையார் அதன்பின் பேசவில்லை. அக்கடிதங்களுள் சில இன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. வீட்டில் அவற்றை வாசிக்க அறிந்தவன் நான் ஒருவனே.

மறுநாட் காலை, கோட்டை மதிலருகில் அமர்ந்து தம்பி மகனுக்கு மடல் எழுதினேன். தரங்கம்பாடியைப் பற்றி அரைப்பக்கம்; பாட்டியின் விடையைப் பற்றி இரண்டு பக்கம். ஊர் திரும்பியதும் அதனோடு அரிச்சுவடி இரண்டு சேர்த்து அஞ்சலில் அனுப்பினேன். ஒன்று சிறுமிக்கு, மற்றொன்று என்னைப்போலவே மலையாளப் பள்ளியிற் பயின்ற அவள் தந்தைக்கு. மடலைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அவன் அதை எப்படியாவது வாசித்தாக வேண்டும் அல்லவா?