தண்ணீர் குடிக்கும் கார்

தோட்டத்து வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரைப் பார்த்து, "இவர்களுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பஸ் வராத சாலையில் குடியிருப்பவர்களுக்கு அது ஆடம்பரமா? பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே அந்த நான்கு சக்கரங்களை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே, காருக்கு வரும் நோயையும் நாம் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய கார்களுக்கு வரும் பெரிய நோய், 'ஹெட் கேஸ்கெட்' போவது.

எங்கள் வீட்டில் காரை நம்பியிருப்பது என் மனைவியின் உயிர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் 3 நாள் இரத்தம் சுத்தம் செய்யத் தெலுக் இந்தானுக்குப் போய் வருகிறாள். (1982-இல் பெயர் மாறினாலும் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் தெலுக் அன்சன்தான்.) அதற்காகவே 25 வயதைத் தாண்டிய கார் ஒன்றை வாங்கினோம்.

சில மாதங்களில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் பின்னால் வெள்ளைப் புகை நிற்கவில்லை. "எனக்கு உள்ளே போன தண்ணி வெளியே வரமாட்டேங்குது, இதுக்கு ஊத்தின தண்ணி உள்ளே நிக்கமாட்டேங்குது. நல்ல ஜோடிதாங்க!" என்று சிரித்தாள் அவள்.

பட்டறைக்குக் கொண்டுபோக நாள் பார்த்திருந்தோம். அதற்குள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லங்காப் தாண்டியதும் சூட்டு முள் மேலே ஏறியது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. கூட வந்த தங்கை மகன், "இன்னும் கொஞ்ச தூரந்தானே மாமா, மெதுவா ஓட்டிடலாம்" என்றான். நான் ஒப்பவில்லை. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரிக்காரத் தம்பி ஒருவர் இருவரையும் ஏற்றிப்போய் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார். அந்தப் புண்ணியவானை மறக்க முடியாது.

காரை இழுத்துப்போன முதல் பட்டறையில் எதையும் கழற்றிப் பார்க்காமலே, "இன்ஜின் போச்சு, ஜப்பானிலிருந்து வரும் பழைய இன்ஜினைத்தான் போட வேண்டும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். அன்றிரவு மனைவி கையிலிருந்த காப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள், முன்பு தோட்டத்து லாரிகளைப் பழுது பார்த்த வயதான போமன் ஒருவரிடம் போனேன். அவர் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். 2-ஆவதும் 3-ஆவதும் மட்டும் குறைவு. "பக்கத்துப் பக்கத்து ரெண்டும் ஒண்ணா இறங்கினா, நடுவிலே கேஸ்கெட் எரிஞ்சிருக்குன்னு அர்த்தம் தம்பி" என்றார்.

இன்ஜினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. மேலே உட்காரும் 'ஹெட்' அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே, நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் கலக்காமல் காப்பது தகடு போன்ற அந்தக் கேஸ்கெட். சூடு மிஞ்சினால் ஹெட் வளையும், கேஸ்கெட் வழிவிடும், தண்ணீர் சிலிண்டருக்குள் போய் ஆவியாகும்.

போமன் ஹெட்டைக் கழற்றி, நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார். மயிரிழை வளைவுதான், வெடிப்பு இல்லை. அதைக் கடைசல் பட்டறையில் சமமாகச் சீவி வந்து, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அளவுச் சாவியால் பல தடவையாக முறுக்கினார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். பாதிக் குழாய்கள் துருவால் அடைபட்டிருந்தன. "நோய் இங்கேதான். இதை விட்டுட்டுக் கேஸ்கெட்டை மட்டும் மாத்தினா, சில மாசத்திலே திரும்ப வருவே" என்றார். அதையும் சுத்தம் செய்தோம். மொத்தச் செலவு, முதல் பட்டறை கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கார் வைத்திருக்கும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஒழுகாமல் தண்ணீர் குறைவது, தீராத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, அளவுக்கம்பியில் எண்ணெய் பால் காப்பி நிறமாவது ஆகியவை அடையாளங்கள். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரம் ஓடும் காரில் ஈரத்தாலும் அப்படி வரும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியின் அழுத்தத்தில், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். துருப்பிடிக்காமல் காக்கும் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். அடைப்பு மருந்து ஊற்றிச் சமாளிப்பது, புண்ணுக்குமேல் புடவை கட்டுவது போலத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முள் ஏறினால் உடனே நிறுத்துங்கள். "நீ அங்கேயே நிறுத்தினதாலேதான் ஹெட் பிழைச்சது" என்றார் போமன். இன்னும் இரண்டு கல் ஓட்டியிருந்தால் காப்பு அடகுக்கடையில் இருந்திருக்கும். இன்று அது அவள் கையிலேயே இருக்கிறது.