பங்குனி மல்லிகை

வஸந்த காலம் என்றால் நதி பெருகி ஓட வேண்டும், எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு யாராவது பங்குனி மாதத்தில் எங்கள் தஞ்சைச் சீமைக்கு வந்தால், அவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அப்போது காவேரியில் தண்ணீர் இராது, மணல்தான் இருக்கும். 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்த மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பதும், ஜனவரி 28-ந் தேதி மூடுவதும் வழக்கம். மழை பொய்த்த வருஷங்களில் திறக்கும் தேதி தள்ளிப் போவதும் உண்டு. மூடிய சில நாளைக்கெல்லாம் வாய்க்கால்கள் வறண்டுவிடும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, நிற்கும் பயிருக்குள்ளேயே தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் மட்டும், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவில் இறங்கும் பனியையும் குடித்துக்கொண்டு வயலில் காய்த்திருக்கும்.

தமிழர் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையில்தான் இளவேனில் பிறக்கிறது. ஆனால் செடி கொடிகள் பஞ்சாங்கம் பார்த்துப் பூப்பதில்லை. மாசி பிறக்கும்போதே மாமரம் பூத்துவிடுகிறது. பங்குனியில் வேம்பு பூக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லையிலும் வஸந்தம் அப்போதே வந்துவிடும். அந்தக் கொல்லை அப்படி ஒன்றும் பெரிய நந்தவனம் அல்ல. கிணற்றடியில் ஒரு நந்தியாவட்டை, வேலியோரம் செம்பருத்தியும் அரளியும், ஒரு பாத்தி கனகாம்பரம், ஒரு மூலையில் மருக்கொழுந்து. தஞ்சாவூர்க் கதம்பத்துக்கு வேண்டியவற்றில் பாதி அங்கேயே அகப்பட்டுவிடும். ஆனால் தோட்டத்துக்கு ராணி, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலுள்ள குண்டுமல்லிச் செடிதான்.

அது என் தாயார் கல்யாணமாகிப் புக்ககம் வந்தபோது, பிறந்த வீட்டிலிருந்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த செடி. அரிசி களைந்த கழுநீரெல்லாம் அதற்குத்தான் போகும்.

குண்டுமல்லியைப் பற்றி ஓர் அதிசயமான விஷயம் உண்டு. அது பெரும்பாலும் காய்ப்பதில்லை. விதை போட்டு அதை யாரும் வளர்ப்பதுமில்லை. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, இலேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துப் பதியன் போடுகிறோம். அல்லது தண்டை நறுக்கி நடுகிறோம். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தில் இப்படி உண்டாக்கும் நாற்றுகள் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களுக்குப் போகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும் அங்கிருந்து போவதுண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்தார் 1934-இல் தங்கள் தேசிய மலராகக் கொண்டதும், சீனர்கள் தேயிலைக்கு வாசனை ஏற்றுவதும் இதே இனத்து மல்லிகையைக் கொண்டுதான். காற்றோ பறவையோ விதையைக் கொண்டு போய்ப் போட்டுப் பரவிய செடியல்ல இது. ஒருவர் கொடுத்து, மற்றொருவர் வாங்கி, கைக்குக் கை மாறியே பரவியிருக்கிறது. ஆகவே பதியனில் வந்த செடி தாய்ச் செடியின் குழந்தையன்று; தாய்ச் செடியேதான்.

இவ்வளவையும் நான் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "மல்லிகை புதுத் தளிரில்தான் அரும்பு விடும். ஆகையால் வருஷந்தோறும் கார்த்திகையில் தரையிலிருந்து ஒரு முழ உயரம் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும்" என்று கரும்பலகையில் படம்கூடப் போட்டிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டில் என்ன செய்தான் என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு புரட்டாசி மாதத்தில் காலமானாள். அந்த வருஷம் கார்த்திகை வந்ததும் போனதும் யாருக்கும் தெரியவில்லை. மறு வருஷம் என் மனைவி கத்தரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். "அம்மா வைத்த செடி. அதில் கை வைக்காதே" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பதில் பேசாமல் கத்தரியைக் கொண்டு போய் ஆணியில் மாட்டினாள்.

அத்துடன் நின்றேனா? என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், புது வீடு கட்டியிருந்தார். ஒரு பதியன் வேண்டுமென்று கேட்டார். "செடி இளைத்திருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். அம்மாவின் செடி ஊரெல்லாம் போவானேன் என்ற எண்ணந்தான் காரணம். அம்மாவோ, கேட்டவர் யாருக்கும் இல்லையென்று சொல்லி அறியாதவள்.

என் அன்பைச் செடி நன்றாகவே புரிந்துகொண்டது! கொடி கொடியாக வளர்ந்து மதில் மேல் ஏறிற்று. உள்ளே காய்ந்த குச்சிகள் பின்னிக் கிடந்தன. பங்குனி வந்தபோது, ஏணி வைத்து ஏறிப் பார்த்தாலும் நாலைந்து அரும்புகளுக்கு மேல் கிடைக்கவில்லை. சுவாமி படத்துக்கே கடைத்தெருவில் பூ வாங்கும்படி ஆயிற்று.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் மாலை எதிர் வீட்டு அத்தை, வாழையிலை நிறைய மல்லிகை அரும்பு கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். அத்தை எங்களுக்கு உறவல்ல. அறுபது வருஷப் பழக்கத்தில் வந்த உறவு. "எந்தச் செடியில் அத்தை இவ்வளவு பூ?" என்று கேட்டேன்.

"எந்தச் செடியா? உங்க அம்மா கொடுத்த செடிதான், தம்பி. நீ கைக்குழந்தையா இருக்கிறப்போ அவ பதியன் போட்டுக் கொடுத்தா."

நான் பேசவில்லை. ஒரே செடி, ஒரே தெரு, ஒரே மண். அங்கே இலை நிறையப் பூ. இங்கே காய்ந்த குச்சி. பள்ளிக்கூடத்தில் நான் செய்து காட்டும் எந்தப் பரிசோதனையும் இவ்வளவு தெளிவாக முடிந்ததில்லை.

அத்தை கொல்லைக்கு வந்து செடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வருஷா வருஷம் அவ வெட்டினதைப் பார்த்துத்தானே நீ வளர்ந்தே? செடியை வெச்சுக்கிட்டே. அவ கையை விட்டுட்டியே, தம்பி!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அம்மா விட்டுப் போனது செடி மாத்திரமா? கழுநீர் விட்டது, கார்த்திகையில் வெட்டியது, ஆடியில் பதியன் போட்டது, கேட்டவர்களுக்குக் கொடுத்தது, இவையெல்லாம் சேர்ந்ததல்லவா அந்தச் செடி? இவற்றையெல்லாம் நிறுத்திவிட்டு, கொடியை மட்டும் கட்டிக் காத்தேன். ஞாபகத்தைப் பூட்டி வைத்துவிட்டு அதற்குப் பக்தி என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆணியிலிருந்த கத்தரியை நானே எடுத்தேன். முழங்கையால் அளந்து முதல் கிளையை வெட்டியபோது கை நடுங்கிற்று. என் மனைவி பக்கத்தில் நின்று, வெட்டிய கொடிகளை ஒன்று சேர்த்தாள். பழைய பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வேலை முடிந்தபோது, கொல்லையில் பத்துப் பதினைந்து மொட்டைக் குச்சிகள் நின்றன. மார்கழி முழுவதும், வாசலில் கோலமும் பூசணிப்பூவுமாக ஊர் விளங்கிக்கொண்டிருக்க, நான் தினம் கிணற்றடிக்குப் போய் அந்தக் குச்சிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். செடியைக் கொன்றுவிட்டேனோ என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது.

தையில் கணுக்களில் பச்சை தெரிந்தது. மாசியில் செடி குடை பிடித்தாற்போல் தழைத்தது. பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பினேன். பரீட்சைக் கட்டைத் திண்ணையில் வைப்பதற்குள் என் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "எண்ணிப் பாருங்க அப்பா!" என்றாள். நாற்பது வரையில் எண்ணினேன். அப்புறம் எண்ண முடியவில்லை. கணக்குத் தப்பியதல்ல, கண் மறைத்துவிட்டது.

மல்லிகை அந்தி வேளையில் இதழ் விரிப்பது நமக்காக அல்ல, இரவில் திரியும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக என்று சாஸ்திரம் சொல்கிறது. இருட்டில் நிறத்தால் பயனில்லை. ஆகையால்தான் வெண்மையும் வாசனையும். இருக்கட்டும். அன்று மாலை விளக்கு வைத்த பிறகு, என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தாள். இரண்டு முழம் வந்தது. ஒரு முழம் அம்மாவின் படத்துக்கு. மற்றொரு முழம் மகளின் தலைக்கு. வீடு முழுவதும் அம்மா நடமாடின வாசனை வீசிற்று.

மறு நாளே பள்ளிக்கூடத்தில் அந்த ஆசிரியரைத் தேடிப் போய், "ஆடி பிறந்ததும் பதியன் போடுகிறேன். கார்த்திகைக்குள் வேர் பிடித்துவிடும், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். "செடி இளைத்திருக்கிறது என்றீர்களே?" என்று கேட்டார். "இளைத்திருந்தது செடியல்ல" என்று மட்டும் சொன்னேன்.

காவேரியில் இன்னும் மணல்தான் இருக்கிறது. அணை திறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரையில் கிணற்றுத் தண்ணீரும் கழுநீரும் போதும்.